வழுவும் உண்டு, அமைதியும் உண்டு



'பிறர் தவறும்போது சிரிப்பது ஆளைத் திருத்துமா, ஒடுக்குமா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் சொன்னார், "நாலு பேர் சிரிச்சாத்தான் அஞ்சாவது தடவை ஒழுங்கா செய்வான்" என்று. ஐயா, நாலு பேர் சிரிச்சா அஞ்சாவது தடவை அவன் மேடைப் பக்கமே வரமாட்டான்! (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். சொல்லை வைத்தே வாதாடுகிறேன். 'தவறு' என்கிறோம். கால் தவறி விழுந்தான் என்றும் சொல்கிறோம். 'வழு' என்கிறோம். அதற்குப் பக்கத்து வீடு 'வழுக்கல்'. 'இழுக்கு' என்றால் அவமானம். 'இழுக்கல்' என்றால் வழுக்கு நிலம். மூணு சொல்லும் எங்கே நிற்கிறது பாருங்கள், ஈரத் தரையிலே! வேணும்னு யாராவது வழுக்கி விழுவாங்களா?

வள்ளுவர் 415-ஆவது குறளிலே, ஒழுக்கமுடையவர்களின் வாய்ச்சொல் வழுக்கு நிலத்தில் ஊன்றுகோல் போல உதவும் என்கிறார். கோலை எதுக்குக் கொடுத்தார்? ஊன்றிக்கொள்ள. நாம அதே கோலை எடுத்து விழுந்தவனை அடிக்கிறோம்.

இப்ப நம்ம வீட்டுப் பேச்சுக்கு வாங்க. 'சொதப்பிட்டான்', 'உளறிக் கொட்டிட்டான்', 'அசடு வழிஞ்சான்'. பழைய சொற்கள் வழுக்கின காலைப் பார்த்தன. 'அசடு வழிஞ்சான்' என்பது முகத்தைப் பார்க்கிறது. கால் வழுக்கினால் கை கொடுக்கலாம். முகத்தில் வழிந்தால் வேடிக்கைதானே பார்க்கலாம்? யார் சொல்றாங்க என்பதும் முக்கியம். "நேத்து நான் அசடு வழிஞ்சேன்" என்று மருமகள் தானே சொன்னால் நகைச்சுவை. "மருமக அசடு வழிஞ்சா" என்று மாமியார் சொன்னால்? அன்னிக்கு ராத்திரி சமையலறையில் பாத்திரம் பேசும்! (சிரிப்பு)

பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். குழந்தை? ஆண்டு விழா மேடையிலே 'வாழைப்பழம்' சொல்ல வராமல் 'வாயப்பயம்' என்று சொல்லிவிட்ட பிள்ளையை, வீட்டிலும் "டேய் வாயப்பயம்" என்றே கூப்பிட்டால், அவன் ழகரம் கற்றுக்கொள்ள மாட்டான். வாயை மூடக் கற்றுக்கொள்வான். வகுப்பிலே விடை தெரிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அப்போ தப்பைத் தப்புன்னு சொல்லவே கூடாதா?" என்பீர்கள். சொல்லணும். 13-ஆம் நூற்றாண்டிலே நன்னூல் தந்த பவணந்தி முனிவர் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று 7 வகை வழுவைச் சொன்னார். அதோடு நிறுத்தாமல் வழுவமைதியும் சொன்னார். பசுவைப் பார்த்து "எங்க அம்மா வந்துட்டா" என்றால் திணை வழு. ஆனால் அது மகிழ்ச்சியிலே வந்த சொல், ஏற்றுக்கொள் என்கிறது இலக்கணம். வழுவைப் பார், அது எந்த மனசிலிருந்து வந்தது என்றும் பார்!

படிக்காத நம்ம பாட்டிமார்களுக்கு இது தெரியும். துக்க வீட்டிலே "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். ஒரு சின்னப் பையன் பழக்கதோஷத்திலே, "பாட்டி, போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுகிறான். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பையனுக்கு உயிர் போகிறது. கணவனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பாட்டி சொல்கிறாள்: "வா ராசா, அடுத்து நல்ல காரியத்துக்கு வா." அவனும் திருந்தினான், அவன் மானமும் பிழைத்தது. இதுதான் ஐயா வழுவமைதி! (பலத்த கைதட்டல்)

அந்தத் துக்கத்திலும் அவளால் முடிந்தது, சாப்பாட்டு மேசையில் நம்மால் முடியாதா? எனவே சிரிப்பு ஒடுக்கவே செய்யும் என்று தீர்ப்பளிக்க வேண்டி, அமர்கிறேன்.