வீட்டு வரியும் ஆட்சேப மனுவும்

எங்கள் ஊர் நகரசபையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு கலவரம் நடப்பதுண்டு. கல்லும் தடியும் அதில் இல்லை. முழுவதும் தாளிலேயே நடக்கும். மறுமதிப்பீட்டு நோட்டீசு வீடு வீடாக வந்து சேர்ந்த அன்று மாலை, அதுவரை முகங்கொடுத்துப் பேசாத வீட்டுக்காரர்கள்கூட ஒரே திண்ணையில் கூடிவிடுவார்கள்.

1962-இல் நான் பள்ளி இறுதி வகுப்பு மாணவன். அடுத்த வீட்டில் என் அத்தை தனியே இருந்தார், கணவரை இழந்தவர். ஒரு நாள் அவர் நோட்டீசும் கையுமாக என் தந்தையிடம் வந்தார். "அண்ணா, என் வீட்டுக்கு மாதம் நாற்பது ரூபாய் வாடகை வருமென்று எழுதியிருக்கிறார்களே! நான் யாருக்கு வாடகைக்கு விட்டேன்? என் வீட்டில் நானல்லவா குடியிருக்கிறேன்?" என்றார்.

அத்தையின் கேள்வி நியாயமானதாகவே எனக்குத் தோன்றிற்று. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆயினும் வரிச் சட்டத்தின் உயிர்நிலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் உண்மையாக யார் குடியிருக்கிறார் என்று சட்டம் கேட்பதில்லை. அந்த வீட்டை வெளியாருக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாம் என்றே கேட்கிறது. ஆகவே, சொந்த வீட்டில் இருப்பவருடைய வீட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனக்காரர் குடியேறிவிடுகிறார். அவர் தரக்கூடிய வாடகையே வரிக்கு ஆதாரம்.

இந்தக் குடித்தனக்காரர் பிறந்த இடம் இங்கிலாந்து. அங்கே 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் உதவிச் சட்டத்தின்படி ஒவ்வொரு சிற்றூரும் தன் ஏழைகளைப் பராமரிக்கச் சொத்துடையோரிடம் வரி தண்டியது. எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்டது. 1836-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகையே அளவுகோல் என்று வகுத்தது. அந்த எண்ணமே கப்பலேறி வந்து, சென்னை நகருக்கான 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், மற்ற ஊர்களுக்கான 1920-ஆம் ஆண்டு ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்திலும் இடம் பெற்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மாதம் நாற்பது ரூபாய் என்றால் ஆண்டுக்கு 480. இதில் நிலத்துக்கு உரிய பங்கு 60, கட்டடத்துக்கு உரியது 420 என்று கொள்வோம். கட்டடம் பழுதாகும், ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்பு பூச வேண்டும். அதற்காகக் கட்டடப் பங்கில் மட்டும் நூற்றுக்குப் பத்து, அதாவது 42 ரூபாய், கழிக்கப்படும். மீதி 438 ரூபாயே 'ஆண்டு மதிப்பு'. அதன்மேல் நகரசபை தீர்மானிக்கும் சதவிகிதப்படி வரி; அரையாண்டுக்கு ஒரு தவணை. மேசை, நாற்காலி, இயந்திரம் முதலியவை கணக்கில் சேரா. வாடகைக்கே விடப்படாத சர்க்கார் கட்டடம், ரயில்வே கட்டடம் போன்றவற்றுக்குக் கற்பனைக் குடித்தனக்காரரைத் தேட முடியாதல்லவா? அவற்றுக்கு நிலத்தின் விலையையும், தேய்மானம் போகக் கட்டடச் செலவையும் கூட்டி, அதில் நூற்றுக்கு ஆறு பங்கை ஆண்டு மதிப்பாகக் கொண்டார்கள்.

அத்தையின் மனுவுக்கு வருவோம். நோட்டீசு கிடைத்து முப்பது நாளைக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாம் விதவை, மகன் பம்பாயிலிருந்து ஒழுங்காகப் பணம் அனுப்புவதில்லை, முழங்காலில் வாதநோய் என்று இரண்டு பக்கம் நிரம்பிற்று. என் தந்தை அதை வாங்கிப் படித்துவிட்டு, கனிவோடுதான், முழுவதையும் அடித்துவிட்டார். "அம்மா, உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த வீடு எவ்வளவு பெறும் என்றுதான் கேட்கிறார்கள்" என்றார். எனக்கு அன்று அது கல்நெஞ்சாகப் பட்டது. வருமான வரி மனிதரைப் பார்ப்பது. வீட்டு வரி சுவரைப் பார்ப்பது. இந்த வேற்றுமையில் நியாயக் குறைவு உண்டென்றே இன்றும் நான் எண்ணுகிறேன். ஆனால் சட்டம் அதுவாக இருக்கும்போது, மனு சுவரைப் பற்றியே பேச வேண்டும்.

பிறகு நாங்கள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கொல்லையில் வைக்கோலும் வறட்டியும் அடுக்கியிருந்த கொட்டில், பதிவேட்டில் ஓர் அறையாக ஏறியிருந்தது தெரிந்தது. அதே தெருவில் அதே அளவுள்ள மூன்று வீடுகளின் வாடகையை விசாரித்தோம்: 22, 25, 26. புதிய மனுவில் இந்த நான்கு செய்திகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

கமிஷனர் நாற்பதை முப்பத்து நான்காகக் குறைத்தார். புதிய பஸ் நிலையம் அருகில் வந்துவிட்டது, ஆகையால் வாடகை உயரும் என்பது அவர் வாதம். அதுவும் வெறும் வாதமன்று. அத்தை வரிவிதிப்பு அப்பீல் குழுவுக்குச் சென்றார். அப்பீல் செய்ய வேண்டுமானால் விதித்த வரியை முதலில் கட்டியாக வேண்டும். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. குழுவினர் முப்பதில் நிறுத்தினர்.

வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வினை கூடவே வந்தது. 26 ரூபாய் வாடகை வாங்கிய மூன்றாவது வீட்டுக்காரர், நகரசபையிடம் 12 என்று எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் மனு அவருடைய குட்டை உடைத்துவிட்டது. இரண்டு வருஷம் அவர் என் தந்தையைத் தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுவார்.

எங்கள் தெருவில் இப்படியென்றால், குண்டூரில் வரி செலுத்துவோர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் வாங்கக்கூடிய நியாய வாடகைக்கு மேல் நகரசபை மதிப்பிடலாமா என்பது வழக்கு. கூடாது என்றும், நியாய வாடகை முறைப்படி நிர்ணயிக்கப்படாத வீட்டுக்கும் நகரசபை அதே கொள்கைப்படியே கணக்கிட வேண்டும் என்றும் 1970-இல் தீர்ப்பாயிற்று. சட்டம் வாங்கவிடாத வாடகைக்கு வரி கேட்பது எப்படித் தகும்? தர்க்கத்தில் பழுதில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். பழைய வீடுகளின் மதிப்பு பழைய காலத்திலேயே உறைந்துவிட்டது. தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் ஆகும் செலவு உறையவில்லை. இந்தச் சிக்கலிலிருந்து விடுபட, பாட்னா மாநகராட்சி 1993-இல் வேறு வழி கண்டது. தெரு எத்தகையது, கட்டடம் எத்தகையது, உபயோகம் எத்தகையது என்று வகுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று விகிதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அலுவலரின் மனப்போக்குக்கு இடம் குறைந்தது. அளவு நாடாவின் அதிகாரம் வளர்ந்தது.

தமிழ்நாட்டிலும் சதுர அடிக் கணக்கே இப்பொழுது வழங்குகிறது. ஐந்தாண்டு விதி மட்டும் ஏட்டோடு நின்றது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும், 2022 வரை பொது மறுமதிப்பீடு நடைபெறவில்லை. எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லை போலும். தேங்கிய வெள்ளம் ஒரே நாளில் உடைத்துக்கொண்டது. சென்னையின் பழைய பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு வரி 150 சதவிகிதம் உயர்ந்தது. 2023-இல் 1919, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களும் விடைபெற்று, புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆண்டு எனக்கும் ஒரு நோட்டீசு வந்தது. தந்தையின் பழைய துணி நாடா இற்றுப்போயிருந்தது. கடையில் இரும்பு நாடா ஒன்று வாங்கி, பேரனை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, முன்கூடம் முதல் கிணற்றடி வரை அளந்தேன். அவர்கள் எழுதியிருந்த அளவு சரியாகவே இருந்தது. மனு எழுதவில்லை, அந்த வாரமே பணத்தைக் கட்டினேன்.