ஜேப்படித் திருடனும் காசு வெட்டும்

(இருக்கன்குடிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஆடிக் கடைசி வெள்ளி வந்துவிட்டால் சாத்தூர், விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி ஆகிய ஊர்களிலிருந்து இங்கு வரும் பஸ்களில் கால் வைக்க இடமிருப்பதில்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இவ்விடத்திற்கு ஜனங்கள் மாரியம்மனைத் தேடி வருகிறார்கள். ஜேப்படித் திருடனோ ஜனங்களைத் தேடி வருகிறான். பக்தனுக்கு அம்மன் கிடைத்தாளா என்பது எனக்குத் தெரியாது. திருடனுக்குப் பணம் கிடைத்து விடுகிறது என்பது மாத்திரம் நிச்சயம். (சிரிப்பு)

சுயமரியாதைக்காரனுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த வாரக் கூலி ஒரு நிமிஷத்தில் பறிபோகிறது. பறிகொடுத்தவன் "என் தலைவிதி" என்று தலையில் அடித்துக் கொள்கிறான். ஜேப்பை வெட்டுகிறவன் ஒருவன். புத்தியை வெட்டுகிறவன் வேறொருவன். அதனால்தான் பேசுகிறேன்.

தோழர்களே! திருடன் மந்திரவாதியல்ல. பெரும்பாலும் கூட்டாளிகளோடு வேலை செய்கிறான். ஒருவன் படியில் நின்று வழியை மறிக்கிறான். ஒருவன் பின்னாலிருந்து நெருக்குகிறான். மற்றொருவன் எடுக்கிறான், அல்லது பிளேடால் பையைக் கீறுகிறான். எடுத்த பொருள் அடுத்த நொடியில் நான்காமவன் கைக்குப் போய்விடுகிறது. சில்லறையைச் சிந்துவதும், "சட்டையில் அழுக்கு" என்று காட்டுவதும் நமது கவனத்தைத் திருப்பும் வழிகளேயாகும்.

பறிகொடுத்தவர் என்ன செய்கிறார்? கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவிலுக்குக் காசு வெட்டிப் போடப் போகிறார். ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசப் போகிறார். மை போட்டுப் பார்க்கிறவனைத் தேடுகிறார். நான் கேட்கிறேன்: கோவில் உண்டியலுக்கே பூட்டும், திருவிழாவுக்குப் போலீஸ் காவலும் வேண்டியிருக்கும்போது, உமது ஜேப்பை எந்த அம்மன் காப்பாள்? எல்லாம் விதியென்றால் எடுத்ததும் விதிதானே, திருடனைத் திட்டுவானேன்? மைக்காரன் "வடக்கு வீடு, சிவந்த ஆள்" என்பான். குற்றமற்ற அண்டை வீட்டுக்காரன் திருடனாவான். காசு வெட்டப் போகிற பஸ்ஸிலும் ஜேப்பைப் பிடித்துக் கொண்டுதானே போக வேண்டும்!

ஆகையால் புத்தியை உபயோகியுங்கள். பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். டிக்கெட்டுக்கு வேண்டிய சில்லறையைத் தனியே வைத்து, மீதியை உள் ஜேப்பில் ஊக்குக் குத்தி வையுங்கள். பையை முன்புறம் மாட்டுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிக ஆபத்து. தாய்மார்களே! 2021-ம் வருஷம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் உங்களுக்குப் பிரயாணம் இலவசம், சங்கிலி இலவசமல்லவே! கூட்டத்துக்கு வரும்போது நகை எதற்கு?

பொருள் போனால் உடனே கண்டக்டரிடம் சொல்லுங்கள்; 112-க்குப் போன் செய்யுங்கள். நகையோ செல்போனோ போயிருந்தால், பஸ் எந்த எல்லையில் ஓடியதானாலும், எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை, யாசகமல்ல. போன் போனால் முதலில் சிம்மையும் பாங்குக் கணக்கையும் முடக்குங்கள். அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே வீட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. பிடிபட்டவனை அடிக்காதீர்கள். கூட்டம் அடிப்பது திருடனைத்தான் என்பதற்கு என்ன ருஜு? 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவன், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அவனுக்குச் சமூக சேவையே தண்டனை. சட்டம் திருந்த இடம் கொடுக்கும்போது நாம் கொலைகாரராவதா?

"இது இன்ன ஜாதியான் வேலை" என்றும் சொல்லாதீர்கள். பிறக்கும் குழந்தையையே திருடனாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது; 1947-ல்தான் இங்கு ஒழிந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒழிந்த அந்த அநியாயம் நமது நாக்கில் மட்டும் உயிரோடிருக்கலாமா? திருட்டுக்குக் கையுண்டு, ஜாதியில்லை.

ஆகவே தோழர்களே! விதியை நம்பியவன் ஜேப்பையும் இழந்தான், புத்தியையும் இழந்தான். புத்தியை நம்புகிறவன் இரண்டையும் காத்துக் கொள்வான். அவரவர் ஜேப்பைத் தடவிப் பார்த்துக் கொண்டு, பத்திரமாக ஊர் போய்ச் சேருங்கள் என்று கூறி முடித்துக் கொள்கிறேன்.