இலவசமா, கட்டற்றதா?

1983-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறிஞர் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ என்னும் மென்பொருள் திட்டத்தை அறிவித்தபோது, அதற்கு ‘ஃப்ரீ’ என்ற அடைமொழியைச் சூட்டினார். ஆங்கிலத்தில் அச்சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கும்; வழக்குக்கு அதுவே வித்து. 1998-இல் மற்றொரு சாரார், வணிகர் மருளாதிருக்க, ‘ஓப்பன் சோர்ஸ்’ என்னும் பெயரைக் கொணர்ந்தனர். 2023-இல் கொச்சியில் கூடிய டெபியன் மாநாடு போன்றவற்றுக்குச் செல்லும் நிரலாளர், தேநீர் ஆறும்வரை இன்றும் இதனை வாதிப்பர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு ஐயமில்லை. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு, பின்னதே தகும். ‘திறமூலம்’ என்பாரும் திருத்தும் உரிமையை மறுப்பதில்லை. ஆயினும் அப்பெயர் அதனைச் சொல்வதில்லை. அவ்வுரிமை இருத்தலால்தான், டில்லியிலோ புணேயிலோ வாழும் தமிழர், எவர் அனுமதியும் வேண்டாமல், ‘லிபரே ஆபீஸ்’ பட்டிகளில் இடறும் தமிழைத் தாமே திருத்திக்கொள்ளலாம்.