இருட்டில் படம் எடுக்க இடம் உண்டா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "வேலையைப் பத்திப் பேசாதே, எல்லா இன்ஜினியரும் அதைத்தான் பேசறான். உன் பொழுதுபோக்கைப் பத்திப் பேசு" என்றார். என் பொழுதுபோக்கு புகைப்படம். அதிலும் இரவில், பாட்டும் ஆட்டமும் நடக்கிற இடங்களில், மங்கிய வெளிச்சத்தில் எடுக்கிற படம். சென்னையில் கேமராவை உள்ளே விடுகிற இரவு விடுதிகளைத் தேடி நான் அலைந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். முன்வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஆகவே ஒன்றை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்: நான் போனது படம் எடுக்க மட்டும்தான்.

எங்கள் வீடு செம்மண்டலத்தில். சித்தப்பா மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் அவருக்கு லைட் பிடிக்கிற பையன் நான்தான். அவர் இரண்டு விஷயம் சொல்லுவார். ஒன்று: "ஃப்ளாஷ் அடிச்சா ஆளு தெரிவான்டா, இடம் செத்துப்போயிடும்." இரண்டு: "பந்தியில வாயைத் திறந்துகிட்டு சாப்பிடறவனை எடுக்காதே. அவன் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கான்." முதல் பாடத்தை அன்றே பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பாடம் புரிய எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது.

சென்னையில் வேலை கிடைத்ததும் பழைய கேமரா ஒன்றும், 50 எம்.எம். லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். f/1.8 வரை திறக்கும் லென்ஸ்; இருட்டுக்கு ஏழையின் நண்பன். சனிக்கிழமை இரவுகளில் பேண்டு வாசிக்கிற இடங்களுக்குக் கிளம்பினேன். சென்னைக்கு இது புதிதல்ல. 1969-இல் மவுண்ட் ரோடு சபையர் தியேட்டர் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில்தான் உஷா உதுப் புடவை கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். இன்று இத்தகைய இடங்கள் பெரும்பாலும் ஸ்டார் ஓட்டல்களுக்குள்ளேதான் இருக்கின்றன.

முதல் இடத்தில் வாசல்காரர் பையைத் தொட்டுப் பார்த்து, "சார், கேமரா உள்ள அலோ கிடையாது" என்றார். இரண்டாவது இடத்திலும் அதே பதில். மூன்றாவது இடத்தில், "எந்த பேப்பர் சார் நீங்க?" என்றார். பேப்பர் இல்லை, பொழுதுபோக்கு என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை, வைவாவில் நம் பேராசிரியர் பார்த்த அதே பார்வை. எனக்குக் கோபம் வந்தது. உள்ளே இருநூறு பேர் செல்போனில் எடுக்கிறான், என் ஒருத்தன் கேமராதான் உங்களுக்கு உறுத்துதா என்று வாதாடினேன். வாசலில் வாதாடி ஜெயித்தவன் யாருமில்லை.

கடைசியில் ஒரு மேனேஜர் சம்மதித்தார். மூன்று நிபந்தனை. ஃப்ளாஷ் கூடாது, மேடையை மட்டும் எடுக்க வேண்டும், வந்திருப்பவர்களை எடுக்கக் கூடாது, படங்களில் ஒரு பிரதி அவர்களுக்குத் தர வேண்டும். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

மேடைக்கு முன்னால் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து நீல வெளிச்சம். என் கை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அதுவரை நான் எடுத்த படங்களிலேயே சிறந்த படம் அதுதான். அன்று இரவே இணையத்தில் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். நான்காம் நாள் அந்தப் படம் வாட்ஸப் வழியாக அவருடைய ஊருக்குப் போய்விட்டது. அவர் நம் மாவட்டத்துப் பெண். ஊர் பெயர் வேண்டாம். வீட்டில் பெரிய சண்டை. "வேலையை விட்டுட்டு வந்துடு" என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்று வாரம் அவர் வேலைக்கே வரவில்லை. அம்மா பிடிவாதமாக நின்றதால்தான் திரும்பி வந்தார்.

படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அது என் கையை விட்டு எப்போதோ போய்விட்டது. பொது நண்பர் ஒருவர் மூலமாக அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "நல்ல போட்டோதாங்க. என்கிட்ட காட்டியிருந்தா நானே ஒரு பிரதி வாங்கி வெச்சிருப்பேன். ஊருக்குக் காட்டறதுக்கு முன்னாடி ஏன் எனக்குக் காட்டலை?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொல்கிறேன்.

வாசலில் கேமராவைத் தடுப்பது கெடுபிடி என்று நினைத்திருந்தேன். பெர்லின் நகரத்துப் பேர்பெற்ற விடுதிகள் சிலவற்றில் வருகிறவரின் செல்போன் கேமரா மீதே ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புகிறார்கள். அது உள்ளே ஆடுகிறவருக்கான காவல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தப்பாவின் பந்திக் கதையும் அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது எனக்கு இடம் கிடைக்கிறது. எப்படி என்று கேட்கிற இளையவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு வாசலில் கேட்காதீர்கள். சாயங்காலம் கூட்டம் வருவதற்கு முன் மேனேஜரைப் பாருங்கள். அதைவிட நல்லது, வாசிக்கிற பேண்டுக்காரர்களைக் கேட்பது. அவர்களுக்கு நல்ல படம் தேவை, ஒத்திகைக்கே கூப்பிடுவார்கள். 1940-களில் நியூயார்க் ஜாஸ் விடுதிகளில் ஹெர்மன் லியோனார்ட் என்ற புகைப்படக்காரர் செய்ததும் இதுதான். அனுமதிக்குக் கூலியாகப் படங்களைக் கொடுத்தார். இன்று உலகம் ஜாஸை அவர் படங்களில்தான் பார்க்கிறது.

தொழில்நுட்பமும் கொஞ்சம் சொல்லாவிட்டால் பேராசிரியர்கள் வருத்தப்படுவார்கள். ஐ.எஸ்.ஓ. 3200, லென்ஸ் முழுத் திறப்பு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே மட்டமான எல்.இ.டி. விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/1000-இல் வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். 1/100 என்றால் விழாது. நான் படித்த எலக்ட்ரிகல் பாடம் நேரடியாக உதவிய ஒரே இடம் இதுதான். ஆனால் 1/100-இல் ஆடுகிறவர் கலங்கலாக விழுவார். அவர் ஒரு கணம் நிற்கிற இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை நான் கற்றது சென்னையில் அல்ல, சிதம்பரத்தில். 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிற ஊர். கோபுர வாசலில் 108 கரணங்களும் கல்லில் நிற்கின்றன. கல் அசையாது, எந்த ஷட்டரிலும் எடுக்கலாம். மேடையில் ஆடுகிறவர் அப்படி இல்லை. ஜதி முடிகிற இடத்தில் உடம்பு ஒரு கணம் சிலையாகும். அப்போது அழுத்த வேண்டும். ஆடல்வல்லான் ஊருக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, ஆட்டம் தேடி மவுண்ட் ரோடு போனேனே என்று பிறகு சிரித்துக்கொண்டேன். இப்போது ஆண்டுதோறும் அனுமதி கேட்டு, ஓரமாக உட்கார்ந்து எடுக்கிறேன். முடிந்ததும் ஆடிய பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலில் காட்டுகிறேன். "இது வேணாம் தம்பி, முகம் சரியா வரலை" என்றால் அங்கேயே அழித்துவிடுவேன்.

முடிக்கிறேன். இரவு உணவுக்குப் பிறகு பாட்டு உண்டு, நம் மூத்த மாணவர்கள் ஆடவும் போகிறார்களாம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. தாராளமாக எடுங்கள். எங்கேயும் போடுவதற்கு முன்னால் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நானும் கேமரா கொண்டுவந்திருக்கிறேன், கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். வேண்டாம் என்பவர்கள் தயங்காமல் கையை உயர்த்துங்கள்.

அம்மா ஏற்கெனவே உயர்த்திவிட்டார்!