உலக முடிவுக்குக் கீழே



சப்பிரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகளாகத் தமிழ் படிப்பித்து வருபவன் நான். ஒருமுறை என் உயர்தர வகுப்பு மாணவரை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் மாவட்டத்தின் தலைக்கு மேலேதான் அது இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் போவதென்றால் பலாங்கொடையிலிருந்து ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, ஒஹிய என்று ஊவாவைச் சுற்றியே ஏறவேண்டும்.

1988 இல் தேசியப் பூங்காவாகி, 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்த இடம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் இங்கேதான். சிங்கள மக்கள் 'மகா எலிய' என்று வழங்கிய வெளிக்கு ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் வந்தது. நீர்வீழ்ச்சி, மரைவேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் பெயருக்குப் போயிற்று. பெயர் வைப்பதில் வெள்ளைக்காரர் கஞ்சத்தனம் காட்டியதேயில்லை! 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் 'நெலு' மட்டும் தப்பிக்கொண்டது. அது நம் குறிஞ்சியின் இனம்.

பனிமூட்டம் ஏறுமுன் 'உலக முடிவு' என்னும் பாறை விளிம்பை அடைந்தோம். ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்துப் பள்ளம். எல்லோரும் தூரத்து நீர்த்தேக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க, ஒரு மாணவி மட்டும் நேர் கீழே பார்த்தாள்.

"அந்தா தெரியுது சேர், நன்பேரியல் தோட்டம். அம்மா இந்நேரம் ஏழாம் நம்பர் மலையில கொழுந்தெடுப்பாங்க."

எனக்குப் பச்சைத் துணியில் நாலைந்து தகரக் கூரைகள்தான் தெரிந்தன.

திரும்பியதும் 'நான் கண்ட உலக முடிவு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மற்றவர்கள் அருவியையும் மரைக் கூட்டத்தையும் வர்ணித்தார்கள். அவள் லயத்து வாசலிலிருந்து அந்தப் பாறையைப் பார்ப்பதை எழுதியிருந்தாள். முகட்டில் முகில் இறங்கினால் அம்மா கம்பளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாராம். வெளுத்திருந்தால் பாட்டி விறகைக் காயப்போடுவாராம். மேலே நின்ற நேரத்தைப் பற்றி ஒரே ஒரு வசனம்: அங்கிருந்து அம்மாவைக் கூப்பிட வேண்டும் போலிருந்ததாம்.

'தலைப்பை விட்டு விலகியுள்ளாய்' என்று சிவப்பு மையால் எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். பயிற்றப்பட்ட பட்டதாரி அல்லவா!

இரண்டு வருடம் கழித்து, ஒரு மரணவீட்டுக்காக அந்தத் தோட்டத்துக்குப் போக நேர்ந்தது. லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பாறை வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. முகட்டில் முகில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ஓர் அம்மா, "குடை கொண்டாந்தீங்களா சேர்?" என்று கேட்டார்.