சரண்பூர்ப் பிள்ளைகள் திறந்த கதவு

பம்பாயின் ஆண்டாப் ஹில் தமிழர் வீடுகளில் நாசிக் என்றால் திரியம்பகேசுவரர், பஞ்சவடி, சீசனில் திராட்சை. காலையில் தாதரில் வண்டி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அந்த நாசிக்கை ஒட்டிய சரண்பூரில், ஆப்பிரிக்க அடிமைப் பிள்ளைகளுக்கென்றே ஒரு புகலிடம் நடந்த கதை அங்கே போய்வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

சான்சிபார் பக்கமிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு அரபுப் பாய்மரக் கப்பல்கள் வடக்கே போகும். பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்துப் பிடித்தால், மீட்டவர்களில் பலரைப் பம்பாயில் கொண்டுவந்து இறக்கும். பெற்றோர் எங்கே, ஊர் எது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்வது? 1860 வாக்கில் சர்ச் மிஷனரி சொசைட்டி, வில்லியம் சால்டர் பிரைஸ் என்ற பாதிரியாரின் பொறுப்பில், அவர்களைச் சரண்பூரில் வைத்துப் படிக்கவைத்தது. தச்சு, கொல்லு வேலையும் கற்றுத்தந்தது. கூடவே புதுப் பெயர், புது மதம். பிள்ளைகளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மீட்பில் இந்த நெருடலும் உண்டு.

அங்கே படித்தவர்களில் ஜேக்கப் வெயின்ரைட்டை மட்டும் உலகம் கொஞ்சம் நினைவு வைத்திருக்கிறது. 1873 மே மாதம், இன்றைய சாம்பியாவில் டேவிட் லிவிங்ஸ்டன் இறந்தார். உடன் இருந்த ஆப்பிரிக்கர்கள் இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, மரப்பட்டையில் சுற்றிக் கட்டினார்கள். ஜெபம் வாசித்து, மரத்தில் பெயரைச் செதுக்கியவர் வெயின்ரைட். பிணம் என்று தெரிந்தால் வழியில் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள் என்பதால் துணி மூட்டைபோல் வேஷம் கட்டிக் கடற்கரைவரை சுமந்தார்கள். 1874 ஏப்ரலில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சவப்பெட்டியோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

புகழ் லிவிங்ஸ்டனுக்குப் போனது. அதைவிடப் பெரிய காரியம் மொம்பாசாவை அடுத்த ரபாய் என்ற சிற்றூரில் நடந்தது.

நாசிக்கில் படித்து, ‘பம்பாய் ஆப்பிரிக்கர்கள்’ எனப்பட்டவர்களில் வில்லியம் ஜோன்ஸ், இஷ்மேல் செம்லர் இருவரும் 1864-லேயே அந்த மிஷன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். 1875-ல் மொம்பாசா அருகே பிரியர்டவுன் குடியிருப்பு உருவானபோது நாசிக்கிலிருந்து இன்னும் பலர் போனார்கள். கடற்கரைத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு இவர்களைப் பார்த்ததும் ஒன்று புரிந்திருக்கும்: தம் நிறத்து ஆட்களே எஜமானன் இல்லாமல் வீடு கட்டி, வயல் வைத்து இருக்கிறார்கள். தப்பி வந்தவர்கள் ரபாயில் ஒதுங்கினார்கள். எஜமானர்கள் சீறினார்கள், வம்பு வரும் என்று மிஷன் மேலிடம் தயங்கியது. ரபாயைக் கவனித்துவந்த ஜோன்ஸ் வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. மேலிடத்துக்கு அது கட்டுப்பாட்டுப் பிரச்சினை; கப்பலில் கட்டுண்டு வந்தவருக்கு அப்படி இருக்க முடியுமா?

கடைசியில் வந்தது பேரம். 1889 ஜனவரி 1 அன்று, பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனியின் ஜார்ஜ் மெக்கன்சி முன்னின்று, சுமார் 1,400 பேருக்கு விடுதலைச் சீட்டு கொடுக்கப்பட்டது. நஷ்டஈட்டுப் பணம் எஜமானர்களுக்குத்தான். வருஷக்கணக்கில் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்குச் சீட்டு மட்டும். அந்தக் கடற்கரையில் அடிமைமுறைக்குச் சட்டப்படி முடிவு வர 1907 ஆயிற்று. லிவிங்ஸ்டன் உடலைச் சுமந்தவர்களில் இன்னொரு நாசிக்காரர் மாத்யூ வெலிங்டன் அதையும் பார்த்தார். மொம்பாசாவில் 1935 வரை இருந்தார்.