ரத்தத்தில் தாதுக்களும் இருதய ரத்தக் குழாய்களும்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன்.

நம்மில் பலர் வருஷா வருஷம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறோம். ரிப்போர்ட்டில் செலினியம், துத்தநாகம், தாமிரம் என்று ஒரு பட்டியல் வருகிறது. எதற்காவது எதிரில் 'குறைவு' என்றிருந்தால், மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயந்து அன்றே மாத்திரை வாங்குகிறோம்.

பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1982-ல் வெளியான கிழக்கு ஃபின்லாந்து ஆய்வில், ஒரு லிட்டர் சீரத்தில் செலினியம் 45 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தவர்களிடையே இருதய நோய் மரணம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. அந்த நாட்டு மண்ணில் செலினியம் குறைவு. 1985 முதல் உரத்திலேயே அதைக் கலந்தார்கள். ஆனால் அங்கே மாரடைப்பு மரணங்கள் 1970களிலிருந்தே குறைந்து வந்தன. 1972-ல் வட கரேலியா பகுதியில் தொடங்கிய இயக்கம் சிகரெட்டையும் வெண்ணெயையும் குறைக்கச் சொன்னது. ரத்த அழுத்தத்தைக் கவனித்தது.

பின்னர் அமெரிக்கா, கனடா நாடுகளில் 2001 முதல் 35,533 ஆண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கிய நோக்கம் புற்றுநோய்த் தடுப்பு. 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். புற்றுநோயும் குறையவில்லை, இருதயத்துக்கும் லாபமில்லை.

காரணம் என்ன? ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படியும்போது அழற்சியும் சேர்ந்தே நடக்கிறது. உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் செலினியமும் துத்தநாகமும் இறங்கும், தாமிரம் ஏறும். ஆகவே நோயினால் அளவு மாறியிருக்கலாம். ஜுரத்தில் தெர்மாமீட்டர் ஏறுகிறது. அதை ஐஸில் வைத்தால் ஜுரம் இறங்குமா?

அதிகமானாலும் ஆபத்துதான். பஞ்சாபில் ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே முடி கொட்டி, நகம் கெட்டவர்கள் உண்டு.

என் வேண்டுகோள் இதுதான். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். உண்மையான குறைபாடு இருந்தால் அவர் சொல்வார். தாது மாத்திரையை நம்பி பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மருந்துகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குழாய்களைக் காப்பாற்றுவதாக நிரூபணமானவை அவைதாம்.